பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஊராருக்குப் பத்திரங்கள் எடுக்கச் சும்மா எழுதிக்கொடுக்கிற டீச்சர், அடையாள அட்டையைக் கையில் கொடுத்தால் படத்தைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்ப்பார். இலங்கையின் பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருசம். அடுத்த மூன்று எண் அந்த வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டிப் போட்டிருப்பார்கள். 2016இலிருந்து வருகிற பன்னிரண்டு இலக்கப் புது அட்டையிலும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு எண்ணாக இருக்கும். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் வருசமோ இல்லையோ, மார்ச் முதலாம் திகதி 61ஆவது நாள். டீச்சருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் இடிக்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, ஐந்தாறு பேருடைய அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் பாயில் பரப்பி வைத்து அவராகவே கண்டுபிடித்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெத்தாவின், அதாவது ஒரு பாட்டியின், அட்டையை வாங்கி "60501" என்று வாசித்துவிட்டு, "இதுவும் புதுவருசப் புள்ளதான்" என்று சிரித்தார். 60501 என்றால் 1960 ஜனவரி 1. எங்கள் பக்கத்தில் ஜனவரி முதலாம் திகதி பிறந்த கிழவன் கிழவிகள் அநியாயத்துக்கு அதிகம். பிறந்த நாள் தெரியாது என்று வந்தவர்களுக்கு, ஏதோவொரு காலத்தில் ஏதோவொரு மேசையில் இருந்தவர், முகத்தைப் பார்த்து வருசத்தை மதித்து முதல் நாளைப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

இந்தப் பெத்தாவின் பிறப்புப் பத்திரம் எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்லப்போவது. அதற்காக ஓடியவர்கள் ஏழு பேர். ஒருவருக்கும் சம்பளமில்லை, சிலர் ஒருவரையொருவர் கண்டதுகூட இல்லை. யாருடைய பெயரையும் போடவில்லை. டீச்சர் போடாதே என்றார், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான் செய்த ஒரு பிழை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இடம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரையும் படுகிற கரையும். கச்சேரி (மாவட்டச் செயலகம்), பெரியாஸ்பத்திரி, வங்கி எல்லாம் எழுகிற பக்கம், வேளாண்மையும் மாடும் யானையும் வெள்ளமும் படுகிற பக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் முன்பு ஒரு கையெழுத்துக்கு டவுனுக்குப் போவதென்றால் மண்முனைத் துறையில் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் இங்கே ரோடு இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகுதான் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருவது நிச்சயமானது.

அதற்கும் முன்னால், 2007 வரைக்கும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வீட்டில் பிறந்த குழந்தையைப் பதிய சென்றி (இராணுவச் சோதனைச்சாவடி) தாண்ட வேண்டும், அடையாள அட்டையில்லாமல் சென்றி தாண்ட முடியாது, பிறப்புப் பத்திரமில்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. இப்படியே சுற்றிச் சுற்றி விட்டுப்போன பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றவர்களாக இருக்கிறார்கள். பத்திரம் வைத்திருந்தவர்களிடமும் அது தங்கவில்லை. 78 சூறாவளி கூரையோடு கொண்டுபோனது கொஞ்சம், 90இல் சண்டை மூண்டு ஓடியபோது விட்டது கொஞ்சம், 2007 பங்குனியில் மறுபடி ஓடியபோது கொஞ்சம், 2011 தை வெள்ளத்தில் கொஞ்சம். மிச்சம் கறையானுக்கு.

பத்திரம் இல்லாமல் வாழலாம், வாழ்ந்தார்கள். 2022இல் சாமான் விலை ஏறி எல்லாம் தலைகீழான பிறகுதான் விசயம் இறுகியது. 2023 ஆடியிலிருந்து சமுர்த்தி என்ற பழைய அரச நிவாரணத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. குடும்பத்தை நாலு வகையாகப் பிரித்து அப்போது 2,500, 5,000, 8,500, 15,000 என்று மாதக் கொடுப்பனவு. காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டையிலும் பத்திரத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சின்னத்தம்பி என்பதும் சின்னதம்பி என்பதும் எங்களுக்கு ஒரே ஆள், கம்பியூட்டருக்கு இரண்டு ஆள். டீச்சர் வீட்டுத் திண்ணையில் அந்த ஆடி, ஆவணி மாதங்களில் காலை ஆறு மணிக்கே செருப்புகள் கிடக்கும்.

டீச்சர்

டீச்சர் என்று ஊர் கூப்பிடுகிறதே தவிர அவருக்கு நியமனம் கிடைத்ததில்லை. பதினொரு வருசம் தொண்டர் ஆசிரியை. நேர்முகத் தேர்வுக்குப் போய்ப்போய் வயதெல்லை தாண்டியதும் விட்டுவிட்டார். கணவர் மேசன் வேலை, இப்போது முழங்கால் ஏலாமல் வீட்டில். இரண்டு மாடு, கொஞ்சம் கோழி, ஒரு தையல் மிசின்.

இந்த வேலை தொடங்கியது 2007இல், எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது. நிவாரணப் பட்டியலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுத வராது, இவருக்குக் கையெழுத்து வடிவு. பேனை கையில் இருந்தது, எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அவருடைய சொத்து ஒரு சீஆர் கொப்பி. இப்போது நடப்பது நாலாவது கொப்பி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம்: யார், என்ன வேண்டும், எங்கே கொடுத்தது, எந்தத் திகதி, என்ன சொல்லி அனுப்பினார்கள், அடுத்து என்ன. காசுக் கணக்கு எதிலும் இல்லை. முத்திரைக் காசும் பதிவாளர் கட்டணமும் வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும், இல்லாதவர்களுக்கு யாரோ கட்டுவார்கள். யார் என்று கேட்டால், "போன முறை வந்த ஆள்" என்பார். இதை நான் பகிடி என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது: பத்திரம் கிடைத்த சந்தோசத்தில் ஒருவர் ஐந்நூறு ரூபாயை நீட்டினால், டீச்சர் அதை வாங்காமல், அடுத்து இருக்கிற ஆளைக் காட்டி "இவருக்கு முத்திரை வாங்கிக் குடுத்திட்டுப் போங்க" என்பார். காசில்லாதவரிடம் வேறு வேலை வாங்குவார். உங்களுக்கு அந்த மருத்துவிச்சியைத் தெரியும்தானே, இந்தப் பிள்ளை பிறந்ததற்குச் சாட்சி சொல்ல அவவைக் கூட்டிவாருங்கள். நீங்கள் வியாழக்கிழமை டவுனுக்குப் போகிறீர்கள்தானே, இந்தக் கவரை உள்ளே கொடுத்துவிடுங்கள். பதினேழு பதினெட்டு வருசமாக இது ஓடுவதற்குக் காரணம் டீச்சரின் நல்ல மனம் என்று சொன்னால் பாதிதான் சரி. உதவி வாங்கினவருடைய கடன் டீச்சரிடம் திரும்பி வருவதில்லை, பக்கவாட்டில் போய்விடுகிறது. அதனால் யாருக்கும் அவர் முன்னால் தலை குனிய வேண்டிய அவசியம் வரவில்லை, அவரும் யாருக்கும் பெரிய ஆளாக வேண்டியிருக்கவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை என்னிடம் காட்டினார். வயது தெரியாதவர்களுக்கு வயது கண்டுபிடிக்கிற பக்கம்.

57 மார்கழி வெள்ளம். 71 சித்திரை சேகுவேரா காலம் (ஜேவிபி கிளர்ச்சி). 73, 74 பாண் வரிசை. 78 கார்த்திகை 23 சூறாவளி. 90 ஆனி. 2004 மார்கழி 26. நடுவில் ஊர் விசயங்களும் உண்டு: பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது, இன்ன கோயில் கும்பாபிசேகம், இன்ன போடியார் செத்தது. ஆட்கள் "எனக்கு அறுபத்தெட்டு" என்று சொல்வதில்லை, "சூறாவளிக்கு மூத்தவன் இடுப்பில" என்பார்கள். டீச்சர் விரலால் அந்தப் பக்கத்தில் கோடு இழுத்து வருசத்தைப் பிடிப்பார். பட்டியலில் ஒரு வரி மட்டும் ஊரில் யாரும் சொல்லாதது, அவர் தானாக எழுதி வைத்தது: 61இல் அம்பாறை தனி மாவட்டம். அந்த வரிதான் பெத்தாவின் விசயத்தில் கைகொடுத்தது.

பெத்தா

பெத்தாவுக்கு 2023இல் தேவைப்பட்டது முதியோர் கொடுப்பனவு. வருமானம் குறைந்த வீட்டில் 70 வயது தாண்டியவர்களுக்குக் கிடைப்பது, 2024இல் அது மாதம் 3,000 ரூபாய். அட்டைப்படி 2030இல்தான் அவருக்கு எழுபது. ஆளைப் பார்த்தால் அப்போதே எழுபதைத் தொட்டமாதிரி. ஆனால் ஆளைப் பார்த்துக் காசு கொடுக்க மாட்டார்கள், சரிதான், கொடுக்கவும் கூடாது.

முதல் நாள் நடந்த விசாரணையை நான் திண்ணையில் இருந்து கேட்டேன்.

"பெத்தா, 57 வெள்ளம் ஞாபகமிரிக்கா?"

"எனக்கெங்க மகள் ஞாபகம். அம்மா சொல்லுவா. என்னைப் பரணில ஏத்தி வச்சவங்களாம், நான் இறங்கப் பாத்து விழுந்திட்டனாம். இஞ்ச பாருங்க." நாடிக்குக் கீழே ஒரு தழும்பு.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா என்னைப் பார்த்து, "பரணில இருந்து இறங்கப் பாக்கிற புள்ளைக்கு மூணு வயசாவது இரிக்க வேணும், இல்லையா மகன்?" என்றார். 60இல் பிறந்தவர் 57இல் பரணிலிருந்து விழ முடியாது. கொப்பியில் எழுதினார்: 53, 54, 55 தேட வேணும்.

தேடினார்கள். பெத்தாவின் தகப்பன் வேளாண்மை செய்த ஊர் எந்தப் பதிவாளர் பிரிவோ அதில் மூன்று வருசத்தையும் தேடச் சொல்லி விண்ணப்பம் போனது, அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று பதில் வந்தது. இப்படிப் பதில் வந்தால் வழக்கமான வழி ஒன்று இருக்கிறது, உத்தேச வயதுச் சான்றிதழ். அதற்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். டீச்சர் கேட்கவில்லை. "பதிவு இரிக்கு எண்டு மனசு சொல்லுது. அந்தத் தகப்பன் கணக்கு வழக்கு வச்ச மனிசன் எண்டு ஊர் சொல்லுது. அப்படிப்பட்டவன் புள்ளையப் பதியாம விட மாட்டான்."

இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்ததாம்: மூத்த பிள்ளை எங்கே பிறந்தது? மட்டக்களப்பு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும், இங்கே கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான், பிள்ளைப்பேறு தாய் வீட்டில். பெத்தாவின் தாய் எந்த ஊர்? திருக்கோவில். தகப்பன் காணி கிடைத்துப் படுவான்கரைக்கு வந்தது பிறகு. பெத்தாவுக்கு ஒரு அக்கா இருக்கிறார், கலியாணம் முடித்து இன்னும் அந்தப் பக்கத்திலேயே. அக்காவின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தால் தாய் தகப்பன் பெயரை அந்தக் காலத்துப் பதிவாளர் எப்படி எழுதினார் என்பதும், எந்தப் பிரிவு என்பதும் தெரிந்துவிடும்.

இனிக் கவர் பயணம். டீச்சரிடம் வட்ஸ்அப் இருக்கிறது, ஆனால் அக்கா வீட்டில் இல்லை. பத்திரத்தின் தெளிவான பிரதியும் வேண்டும், படம் எடுத்து அனுப்பினால் முத்திரை மங்கிவிடும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகிற பஸ்ஸில் ஒரு கொண்டக்டர், நாலு வருசத்துக்கு முன்னால் தன் தங்கச்சியின் பிள்ளைக்குப் பதிவு எடுத்த வகையில் டீச்சரைத் தெரிந்தவர். கவர் அவர் கையில் ஏறி அக்கரைப்பற்றில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கும். கடைக்கார நானாவுக்கு டீச்சரைத் தெரியாது, கொண்டக்டரைத்தான் தெரியும். அங்கிருந்து அக்காவின் பேரன், மீன் யாவாரத்துக்கு வருகிற பிள்ளை, எடுத்துப் போவான். போன வழியிலேயே பதில் திரும்பும். ஒரு சுற்றுக்கு நாலைந்து நாள். ஒருமுறை கவர் பதினாறு நாள் காணாமற்போனது. பேரனுக்குக் காய்ச்சல், நானா கடையைப் பூட்டிவிட்டு ஒரு மையத்து வீட்டுக்குப் போய்விட்டார், கவர் கடைக்குள்ளேயே கிடந்தது. டீச்சர் அந்தப் பதினாறு நாளும் தூங்கவில்லை, உள்ளே இருந்தது அக்காவின் மூலப் பத்திரம். கொமினிகேசன் கடைப் (போன், போட்டோக்கொப்பிக் கடை) பெடியனிடம் பிரதி எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அக்காவின் பத்திரத்தில் பிறந்த இடத்துக்கு மாவட்டம் மட்டக்களப்பு என்றிருந்தது. பெத்தாவின் மகன் குழம்பிவிட்டான், திருக்கோவில் அம்பாறை மாவட்டம், இது வேறு யாருடைய பத்திரமோ என்றான். டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திறந்து 61 என்ற வரியைக் காட்டினார். அதற்கு முன்னால் அம்பாறை என்று ஒரு மாவட்டமே இல்லை.

புதுப் பிரிவில் தேடச் சொல்லி விண்ணப்பம் போனது. இந்தமுறை பெத்தாவின் பெயரை வைத்து மட்டும் தேட வேண்டாம், இன்ன தகப்பனுக்கும் இன்ன தாய்க்கும் 53 தொடக்கம் 56 வரை பிறந்த பெண்பிள்ளை எல்லாவற்றையும் பாருங்கள் என்று ஒரு கடிதமும் கூட வைத்தார். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு விதானையார் (கிராம அலுவலர்). அவருடைய வசனம் கந்தோர் வசனம், டீச்சருடைய வசனம் பள்ளிக்கூட வசனம், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதென்று டீச்சரே சொல்வார்.

ஐந்து கிழமை கழித்துப் பிரதி வந்தது. தகப்பன் பெயர் சரி, தாய் பெயர் சரி, பெண், 1954 நவம்பர் 14. பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பெயர் வைக்காமல் பதிந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது நடக்கும், முப்பத்தோராம் நாள் கழிந்து பெயர் வைக்கலாம் என்று விட்டு, பிறகு வேளாண்மை, வெள்ளம், வேலை, மறந்துபோகும். முதல் தேடலில் சரியான பிரிவிலேயே தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது, இல்லாத பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது.

டீச்சர் பிரதியைப் பெத்தாவிடம் வாசித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். "எல்லாம் இரிக்கு பெத்தா, பேர் மட்டும்தான் இல்ல."

பெத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் ஆர்?" என்றார். எல்லோரும் சிரித்தோம், பெத்தா சிரிக்கவில்லை.

பெயரில்லாத பதிவுக்குப் பிறகு பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதற்குத் தனிப் படிவம், சாட்சி. கிட்டத்தட்ட எழுபது வயதில் பெத்தா தன் பெயரைத் தானே பதிந்தார். அதோடு முடியவில்லை. பிறந்த திகதி மாறினால் அடையாள இலக்கமும் மாறும், 1954 நவம்பர் 14 என்றால் 319ஆவது நாள், பெண்ணுக்கு 819. பழைய இலக்கத்தில் இருந்த வங்கிப் புத்தகத்துக்கு ஒரு கடிதம், அஸ்வெசும பதிவுக்கு ஒரு கடிதம், பதிவு பெற்ற ஸ்டூடியோவில் புதுப் படம். நடுவில் கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்து, அதைக் கொழும்பில் பேக்கரியில் வேலை செய்து வந்த ஒருவர் பாண் அடுக்கிக்கொண்டே வாசித்துச் சொன்னார். "ஒண்டுமில்ல, படம் தெளிவில்லையாம்." 2023 ஆடியில் தொடங்கியது 2025 மாசியில் முடிந்தது. பத்தொன்பது மாதம்.

எழுபது வயது 2024 நவம்பரில் நிரம்பியது. ஆகவே உண்மையில் பெத்தா இழந்தது மூன்று மாதக் காசுதான். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் ஐந்து வருசத்துக்கு மேல்.

நான் செய்த பிழை

2015இல் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள வேலையில் இருந்தேன். டீச்சரைக் கண்டு அசந்துபோய் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன், படத்தோடு. அவர்களுக்கும் பிடித்துப்போனது. பன்னிரண்டு மாதத் திட்டம் ஒன்று வந்தது: திண்ணையில் மேசை கதிரை, டீச்சருக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு, வாசலில் நிறுவனத்தின் சின்னத்தோடு தகரப் பலகை, வருகிறவர்கள் கையெழுத்து வைக்கப் பதிவேடு, மாதம் நாலு படம். முடிவில் ஒரு விழா, பொன்னாடை. பிரதம விருந்தினர் வரும்வரை டீச்சர் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை சாப்பிடாமல் மேடையில் இருந்தார்.

மூன்றாம் மாதமே ஆட்கள் குறைந்தார்கள். எனக்குக் காரணம் விளங்கவில்லை, பதிவேட்டைத்தான் திட்டினேன், ஏன் எண்ணிக்கை இறங்குகிறது என்று. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தகப்பன் பெயர் போட முடியாத பிள்ளைக்குப் பத்திரம் எடுக்க வருகிற தாய், பலகைக்குக் கீழே நின்று பதிவேட்டில் கையெழுத்து வைப்பாளா? காணாமற்போன மகனுக்காக வந்த அம்மா ஒருவர், மரணப் பத்திரம் வேண்டாமென்று வருசக்கணக்காக மறுத்தவர், படம் எடுக்க வந்த எங்கள் ஆளைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டார். ('காணவில்லை' என்றே எழுதி வாங்குகிற சான்றிதழுக்குச் சட்டத்தில் வழி வந்தது 2016இல். பலகை கழன்ற பிறகு அந்த அம்மா மறுபடி வந்து அதை எடுத்தார்.) கொமினிகேசன் கடைக்காரர் பிரதிக்குக் காசு கேட்கத் தொடங்கினார், புரொஜெக்ட் காசு இருக்குத்தானே என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. விதானையார் வருவதை நிறுத்தினார். மற்றவர்கள் சம்பளத்துக்கு இருக்கும்போது தான் மட்டும் சும்மா எழுதுவது அவருக்குக் கூச்சமாகப் போனது. பத்திரம் கிடைத்தவர்களிடம் அடுத்த ஆளுக்கு முத்திரை வாங்கச் சொன்னால், "அதை நிறுவனம் தராதா டீச்சர்?" என்றார்கள். பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் ஒரு மேசையில் வந்து தேங்கியது.

திட்டம் முடிந்து நாங்கள் போய்விட்டோம். டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க கெட்டது நினைக்கல்லத்தானே மகன்" என்றார், அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இருக்கவில்லை. பழையபடி செருப்புகள் திண்ணையில் சேர இரண்டு வருசம் பிடித்தது. விதானையார் திரும்பி வந்தது அதற்கும் பிறகு, அதுவும் டீச்சர் அவர் வீட்டுக்குப் போய் "எனக்குக் கந்தோர் வசனம் வராது சேர்" என்று சொன்ன பிறகு. தகரப் பலகை இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை. சின்னம் இருக்கிற பக்கம் உள்ளே, கோழி பார்க்கிற மாதிரி.

இதிலிருந்து யாரையும் பாராட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொண்டக்டரைப் போன்ற ஒருவருக்கு அவருடைய டிப்போவில் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் சந்தோசப்படுவார் என்றுதான் நினைக்கிறேன். டீச்சரின் வேலை வேறு மாதிரி. வருகிறவர்களின் வெட்கத்தை மூடி வைப்பதுதான் அதில் பாதி வேலை. அதன் மேல் வெளிச்சம் அடித்தது நான்.

மறுத்தவை

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இது ஒரு பக்கக் கதையாகிவிடும். டீச்சரை ஊரில் எல்லோருக்கும் பிடிக்காது. வெளிநாட்டுக்குப் பணிப்பெண் அனுப்புகிற சப் ஏஜென்ட் ஒருவர், ஒரு பிள்ளைக்கு வயதைக் கூட்டிக் காட்ட உத்தேச வயதுக்கு எழுதித் தரச் சொல்லி வந்தார், பிள்ளையின் தாயும் கூடவே. அந்த வீட்டின் வறுமை டீச்சருக்குத் தெரியும், அப்படியிருந்தும் மறுத்தார். மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது உண்மை வயது 17, கடவுச்சீட்டில் 23. 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதை அந்தத் தாயிடம் சொன்னதாக டீச்சர் சொன்னார். தாய் காறித் துப்பிவிட்டுப் போனாவாம். வேறு எங்கோ எழுதி வாங்கினார்களா, பிள்ளை போனதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொப்பியை மூடினார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வயது குறைக்க, கூட்ட, இரண்டாம் தாரத்தை முதல் தாரமாக்க, காணிக்காகச் செத்தவரை முன்கூட்டியே சாகடிக்க என்று வந்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கங்களில் கொப்பியில் ஒரு குறுக்குக் கோடு மட்டும் இருக்கும்.

போன மாதம் பெத்தாவைப் பார்க்கப் போயிருந்தேன். காசு வருகிறது. புது அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, பரணில் வைத்திருக்கிறார், வெள்ளம் வந்தாலும் எட்டாத இடமாம். டீச்சர் தன் திண்ணையில் வேறொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். நான் அடுத்த நாள் பொத்துவில் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கொண்டக்டர் தம்பி ஒரு கிழமை லீவு" என்று பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினார். "அக்கரைப்பத்தில நானாட்ட குடுத்தாக் காணும்."

"நான் யாரெண்டு சொல்ல?"

"ஒண்டும் சொல்லத் தேவல்ல மகன்."

கடையில் கூட்டம். நானா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். கவரைக் கண்டதும் ஒரு கையால் வாங்கி, பிஸ்கட் டின்னைத் தூக்கி அதன் அடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு கவர் கிடந்தன.